பொம்பிளை வராத கலியாணம்

என்னை 'ஏமாற்றுக்காரி' என்று ஒருவன் எழுதியிருந்தான். ஆயிரம் பேருக்கு மேல் அதற்குப் பெருவிரலை உயர்த்தி ஆமாம் போட்டிருந்தார்கள். எங்கள் விளையாட்டின் பக்கத்தை உலகத்தில் எவர் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது அந்தச் சொல்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அவன் மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் நான் மறியலில் கம்பி எண்ணியிருப்பேன்.

என் பெயர் பிரபாலினி. ஹனோவரில் பிறந்து வளர்ந்தவள், கணினி நிரல் எழுதுகிறவள். தம்பி நிலக்சன் படம் கீறுவான். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வீடியோ விளையாட்டுச் செய்தோம். பெயர் 'கலியாண மண்டபம்'. ஏதோ ஒரு ஜெர்மன் ஊரில் வாடகைக்கு எடுத்த மண்டபம். நான்கு பேர் சேர்ந்து ஒரு யாழ்ப்பாணத்துக் கலியாண வீட்டை நடத்தி முடிக்க வேண்டும். கிடாரத்தில் சோறு அவிக்க வேண்டும், கத்தரிக்காய் பொரிக்க வேண்டும், மணவறை சோடிக்க வேண்டும். மேளக்காரர் ஆட்டோபானில் நெரிசலில் நிற்பார். மாலையை ஆரோ காரிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார்கள். நடுவில் மண்டபத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்மைஸ்டர் திறப்புக் கோர்வையோடு வந்து, "இங்கே யார் நெருப்பு மூட்டியது?" என்று கத்துவார். சின்ன வயதிலிருந்து கலியாண வீடுகளில் நான் பார்த்த கூத்தெல்லாம் அதற்குள் இருந்தது.

கலியாணம் மட்டும் இல்லை.

சமையல் முடிந்து, மணவறை சோடித்து, மாப்பிள்ளை வந்து குந்தியதும் திரை கறுப்பாகிவிடும். 'மீதி விரைவில்' என்று ஒரு வரி வரும். பொம்பிளை வரமாட்டாள். ஏனென்றால் அந்தக் கட்டத்தை நாங்கள் இன்னும் செய்யவில்லை.

முடியாத விளையாட்டை விற்பது ஒன்றும் குற்றமில்லை. இணையக் கடைகளில் அது நாளாந்தம் நடக்கிறது. 'வேலை நடக்கிறது, தெரிந்து வாங்குங்கள்' என்று பலகை மாட்டிவிட்டால் சரி. விரும்பியவர் வாங்குவார், வருகிற காசில் மிச்சத்தைச் செய்து முடிக்கலாம். எங்கள் எண்ணமும் அதுதான். நாங்கள் மாட்டாமல் விட்டது அந்தப் பலகையைத்தான்.

எல்லாம் எங்கள் அம்மாவின் அலுவல். அம்மாவின் பெயர் யோகம். ஒரு முடிவு எடுத்தாரென்றால் ஜெர்மன் அரசாங்கம் வந்தாலும் அசைக்கேலாது. பிள்ளைகள் கடை திறக்கப்போகினம் என்று ஐயரிடம் போய் நாள் கேட்டு வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை விடிய ஒரு நல்ல நேரம், அதைத் தவறவிட்டால் ஆடி பிறந்துவிடும். பலகைக்கு அனுமதி கிடைக்கத் திங்கட்கிழமை ஆகும் என்று கடைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு அது காதிலேயே ஏறவில்லை. கற்பூரத் தட்டோடு எங்கள் தலைக்கு மேல் நின்றார்.

"நேரம் போகுது பிள்ளையள், அமத்துங்கோவன்!"

நிலக்சன் பயத்தில் வெளியிடும் பொத்தானை அமத்தினான். 'முழுமையான விளையாட்டு' என்ற கட்டத்தில் சரி போட்டு அமத்தினான். நான் அப்போது குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் அவன் கையை முறித்திருப்பேன். ஒருமுறை முழுமை என்று வெளிவந்துவிட்டால் பிறகு பலகை மாட்ட இயலாது, அது அந்தக் கடையின் சட்டம். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, முடியாத பொருளை முடிந்ததென்று விற்ற ஆட்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருக்கும்.

அம்மாவின் ஐயர் சொன்ன நேரம் உண்மையிலேயே நல்ல நேரம்தான், அதுதான் வினை. விளையாட்டு விற்றது. நாங்கள் கனவிலும் நினைக்காத அளவுக்கு விற்றது. வாங்கிய அத்தனை பேரும் சமைத்து, சோடித்து, கறுப்புத் திரையில் வந்து முட்டினார்கள். வசை மழை. 'காசைத் திருப்பித் தா' என்றார்கள். 'மணமகள் எங்கே, திருடர்களே?' என்றார்கள். எல்லாவற்றுக்கும் உச்சியில் ஆஹெனில் இருந்து யானிக் என்பவன் எழுதிய அந்த 'ஏமாற்றுக்காரி'.

கடைசிக் கட்டத்தைச் செய்து முடிக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். செய்யத்தான் பார்த்தோம். பொம்பிளை வந்தாள், கூறைச்சேலை மாற்றினாள், தாலியும் ஏறியது. ஆனால் சனம் வேண்டுமே! எங்கள் கலியாணத்தில் சனம் இல்லாவிட்டால் அது கலியாணமா, செத்த வீடா? நிலக்சன் முறிந்து முறிந்து ஒரு டசின் ஆட்களைக் கீறினான். அவர்களையே திரும்பத் திரும்ப அடுக்கினால் மண்டபம் முழுக்க ஒரே மீசை மாமா. வலது பக்கம் பார்த்தாலும் அவர், இடது பக்கம் பார்த்தாலும் அவர், எல்லாரும் ஒரே நேரத்தில் கொட்டாவி விட்டார்கள். நாங்களே பார்த்துச் சிரித்தோம். பிறகு எனக்கு அழுகை வந்தது.

அந்த நிலைமையில் கடையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. முறைப்பாடுகள் அளவுக்கு மீறிவிட்டன. வருகிற மாத முடிவுக்குள் விளையாட்டை முழுமையாக்காவிட்டால் அதைக் கடையிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுத்தால் பக்கம் மூடப்படும். மூடிய பக்கத்தில் 'ஏமாற்றுக்காரி' என்பது அப்படியே கல்வெட்டாகக் கிடக்கும். அதற்குப் பிறகு நான் எதைச் செய்து கொண்டுபோனாலும், என் பெயரைத் தேடுகிறவன் முதலில் அதைத்தான் வாசிப்பான். காசு போனால் போகட்டும். அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு சீவிக்க என்னால் ஏலாது.

யோசனை வந்தது நிலக்சனுக்கு.

"அக்கா, சனத்தை நாங்கள் ஏன் கீறுவான்? வாங்கின சனம் இருக்குதுதானே. அவையையே கூப்பிடுவம்."

பிடித்துக்கொண்டேன். ஒரு நாள் குறிப்போம். விளையாட்டை வாங்கியவர்கள் எல்லாரும் இணையத்தில் அந்த ஒரே மண்டபத்துக்குள் விருந்தாளிகளாக வரட்டும். அவரவர் தமக்கு ஓர் உருவம் செய்து, விரும்பியதை உடுத்து, நடந்து வந்து இருந்து, எழும்பி மணமக்களை வாழ்த்தி அறுகரிசி போடட்டும். அவர்கள் செய்வதை அப்படியே பதிந்துவிடுவோம். இனிமேல் வாங்குகிறவர் கடைசிக் கட்டத்துக்கு வரும்போது, மண்டபத்தில் அந்த நிசமான சனம் இருக்கும். பத்துப் பேர் வந்தால் எங்கள் விளையாட்டு என்றென்றைக்கும் பத்துப் பேர் வந்த கலியாணம். அதுவும் தெரிந்துதான் இறங்கினோம்.

விளையாட்டின் பக்கத்தில் அறிவித்தல் போட்டோம். 'அனைவரும் வருக' என்று வடிவாகப் பூவெல்லாம் வைத்து. வந்த பதில்களை வாசித்தால் காது கூசும். 'எங்களிடம் காசும் வாங்கி, இப்போது எங்களையே நடிக்கவும் கூப்பிடுகிறார்கள்' என்றான் ஒருவன். வருகிறேன் என்று சொன்னவர்களை விரல் விட்டு எண்ணலாம், அதிலும் பாதி எங்கள் மச்சான்மார்.

அந்தக் கிழமை அம்மா வேறொரு கோபத்தில் இருந்தார். டோர்ட்முண்டில் இருக்கும் சோதிலிங்கம் மாமா மகளின் கலியாணக் கார்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அம்மா போனைச் சோபாவில் எறிந்தார்.

"வாசல் மிதிச்சு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. படத்தை அனுப்பிப்போட்டு வரட்டாம். சோதிலிங்கம் அண்ணைக்குக் கால் இல்லையோ? நான் போகமாட்டன். நானும் ஒரு வாழைப்பழப் படம் அனுப்பிவிடுறன், வைச்சுச் சாப்பிடட்டும்!"

நான் சிரிக்கத் தொடங்கி இடையில் நிறுத்திவிட்டேன். பூ வைத்த அறிவித்தலைப் போட்டுவிட்டு, வரவில்லையே என்று சனத்தைத் திட்டிக்கொண்டிருந்தது நான். எங்கள் வீட்டில் எந்தக் கலியாணத்துக்கும் அம்மாவும் அப்பாவும் கார்டும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். கார்டை நீட்டிவிட்டு ஓடி வரவும் கூடாது. இருந்து, தேத்தண்ணி குடித்து, முழங்கால் நோ எப்படி, மகனுக்குத் தொழில் பழக ஆஸ்பில்டுங் இடம் கிடைத்ததா என்று விசாரித்து, கடைசியில்தான் "கட்டாயம் வரவேணும்" என்று சொல்ல வேண்டும். அதையல்லவா செய்திருக்க வேண்டும்!

அன்றே தொடங்கினேன். முறைப்பாடு எழுதிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினேன், பெயர் சொல்லி, அவர் எழுதியதை வாசித்து. பருப்பு எப்போதும் கருகிப்போகிறது என்று ஒருத்தி எழுதியிருந்தாள். போய்ப் பார்த்தேன், பிழை என்னுடையது, திருத்திவிட்டு அழைத்தேன். கிடாரம் நிலத்துக்குள் புதைந்து காணாமல் போகிறது என்று ஒருவர். அதையும் திருத்திவிட்டு அழைத்தேன். அம்மா பின்னால் நின்று, "சுகம் விசாரிச்சனியே? சும்மா வா எண்டு எழுதாதை" என்று காவல் காத்தார். பதில்கள் வரத் தொடங்கின. மனிதர்கள் திட்டுவதை நிறுத்திவிட்டுக் கதைக்கத் தொடங்கினார்கள். என்ன உடுப்புப் போடுவது, செருப்பை எங்கே கழற்றுவது என்றெல்லாம் கேட்டார்கள்.

யானிக் மிஞ்சினான். அவனை அழைக்க எனக்கு மனமே இல்லை.

"அவனிட்ட நான் போய்க் கெஞ்சவோ? நடக்காது," என்றேன்.

"கெஞ்ச வேண்டாம், சொல்லு," என்றார் அம்மா. "கோவக்காரர் வீட்டுக்குத்தான் நேர போய்ச் சொல்ல வேணும். எழுத்தில சொன்னால் இன்னும் கோவம் வரும்."

நேரே போவதா? இந்த நாட்டில் சொல்லாமல் ஒரு வீட்டு மணியை அடித்தால் பொலிசைக் கூப்பிடுவார்கள். எப்போது வரலாம் என்று அவனுக்கு எழுதி டெர்மின் கேட்டேன். சனிக்கிழமை பின்னேரம் தந்தான். அழைப்பிதழ் கொடுக்க டெர்மின் எடுத்த முதல் தமிழச்சி நானாகத்தான் இருக்கும். அம்மா, நிலக்சன் கீறிய கலியாணக் கார்டை நாலு மூலையிலும் மஞ்சள் பூசி, அதையும் ஒரு பெட்டி பயத்தம் பணியாரத்தையும் கையில் தந்தார். ஆஹெனுக்கு ரயில் ஏறினேன். வழி நெடுக, அவனுக்குச் சொல்ல வேண்டிய சூடான வசனங்களை மனதுக்குள் சரிபார்த்துக்கொண்டு போனேன்.

மாணவர் குடியிருப்பு. கதவைத் திறந்தது யானிக் இல்லை, அவனோடு இருக்கும் மதுரைப் பையன்.

"மேடம், நீங்கதான் டெவலப்பரா? சீரியஸா நேர்லயே வந்துட்டீங்களா? நான் அசோகன். உள்ள வாங்க, உள்ள வாங்க."

யானிக் குசினி மேசையில் இருந்தான். ஒல்லியாக, நெட்டையாக, எஞ்சினியரிங் படிக்கிற பிள்ளை. என்னை விடக் கூச்சமாக இருந்தான். நான் வாயைத் திறக்க முதல் அவன் ஜெர்மனில் தொடங்கினான்.

"நானும் அசோகனும் பக்கத்து அறைப் பையனுமாக மூன்று பேர் விளையாடினோம். நாலாவது ஆள் என் அம்மா. அவர் ஹாம் ஊரில் இருக்கிறார், அங்கிருந்து சேர்ந்தார். மணவறையை அம்மாதான் சோடித்தார். ஒவ்வொரு பூவாக. யாரையும் தொடவிடவில்லை. கடைசிக் கட்டம் வரப்போகிறது என்றதும் அம்மா சொன்னார், கலியாணத்துக்கு இப்படியா இருப்பீர்கள், போய் ஒழுங்காக உடுத்துங்கள் என்று. நாங்கள் சேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டோம். அசோகன் வேட்டி கட்டினான். அம்மா அங்கே முத்துமாலை போட்டிருந்தார். எல்லாரும் திரைக்கு முன்னால் இருந்தோம்."

நான் கொண்டுபோன பணியாரப் பெட்டியை அசோகன் பக்கம் தள்ளிவிட்டுத் தொடர்ந்தான்.

"திரை கறுத்தது. அம்மா கேட்டார், பொம்பிளைக்கு உடம்பு சரியில்லையா என்று. அந்தக் கோபத்தில்தான் எழுதினேன்."

ரயிலில் சரிபார்த்த வசனங்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. அயர்ன் பண்ணிய சேர்ட்டோடு அந்தப் பிள்ளைகள் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததை நினைத்தேன். மூக்கைச் சீறிவிட்டுக் கார்டை இரண்டு கையாலும் கொடுத்தேன்.

"அம்மாவையும் கூட்டிக்கொண்டு கட்டாயம் வாருங்கள்," என்றேன்.

அவன் மஞ்சள் மூலையைத் தடவிப் பார்த்தான். "பொம்பிளை வந்தால் எழுதியதை மாற்றுவேன். வராவிட்டால் இன்னும் பெரிதாக எழுதுவேன்," என்றான். நியாயமான கதை. பணியாரப் பெட்டியை அசோகன் அதற்குள் பாதியாக்கியிருந்தான்.

கலியாணத்துக்கு நாள் குறித்திருந்தது மறுபடியும் அம்மாதான். கடை தந்த தவணையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மத்தியானத்துக்குக் கிட்ட. நான் கத்தினேன், நிலக்சன் கும்பிட்டான், பலனில்லை. எங்கள் இருப்பறையில் இரண்டு கணினி, அம்மாவுக்கு ஒரு பெரிய திரை. அம்மா பட்டுச்சேலை உடுத்தி வந்து அதற்கு முன்னால் இருந்தார். நான் குளிக்கவுமில்லை.

மண்டபக் கதவைத் திறப்பதற்கு முன்பே வெளியே ஜெர்மன்காரர்கள் வரிசையில் நின்றார்கள். திறந்ததும் ஒருவரை ஒருவர் தள்ளாமல் உள்ளே வந்து, கதிரையில் இருக்க முதல் பக்கத்தில் இருப்பவரிடம், இந்த இடம் யாருக்காவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டு எழுதினார்கள். யானிக் வந்தான், கோட்டுப் போட்டு. பக்கத்தில் முத்துமாலையோடு ஓர் உருவம் நேரே முன் வரிசைக்குப் போய் இருந்தது. ஆனாலும் மண்டபத்தில் பாதிக் கதிரை வெறுமையாகக் கிடந்தது. முகூர்த்தம் நெருங்க நெருங்க நான் வெறும் கதிரைகளையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

"எங்கட சனம் ஒண்டையும் காணேல்லை," என்றேன்.

"எங்கட சனம் எப்ப நேரத்துக்கு வந்தது? பொறு," என்றார் அம்மா.

சொல்லி வாய் மூடவில்லை, வந்தார்கள். லண்டனிலிருந்து, டொரோண்டோவிலிருந்து, பாரிசிலிருந்து, குழந்தை குட்டியோடு, கூட்டம் கூட்டமாக. வந்த உடனேயே சாப்பாடு எங்கே என்று கேட்டார்கள். பின்னால் பிரேசில்காரர், கொரியாக்காரர், எங்கே இருக்கிறதென்றே எனக்குத் தெரியாத ஊர்க்காரர். நான் தனித்தனியாக எழுதிய ஆட்கள் தங்கள் தங்கள் சிநேகிதரையும் இழுத்து வந்திருந்தார்கள். பருப்பு கருகியவள் சேலை கட்டி வந்தாள், முந்தானை பிழையான பக்கம். கதிரை முடிந்தது. சுவரோரம் முடிந்தது. வாசலில் நெரிசல்.

"அக்கா, உள்ளுக்கு இடமில்லை, வெளியில நிண்டு கத்தீனம்!" நிலக்சன் அலறினான்.

"கார் தரிப்பிடத்தைத் திற! பந்தல் போடு!"

"பந்தல் இன்னும் கீறேல்லையே!"

"இப்ப கீறு!"

அந்தப் பிள்ளை கீறினான். வேர்த்து வழிய, நாக்கைக் கடித்துக்கொண்டு, நாலு கம்பும் ஒரு நீலத் தறப்பாளும் கீறி நட்டான். நான் சுவரை உடைத்து வழி விட்டேன். சனம் பந்தலுக்குள் வெள்ளமாக ஓடியது. ஆரோ கைதட்டத் தொடங்க எல்லாரும் தட்டினார்கள்.

பிறகு, பொம்பிளை வந்தாள்.

சிவப்புக் கூறைச்சேலை. தலை குனிந்து, மெல்ல மெல்ல. அதுவரை ஆளுக்கு ஆள் கதைத்துக்கொண்டிருந்த அரட்டைப் பெட்டி அடியோடு ஓய்ந்துவிட்டது, ஒருவரும் ஓர் எழுத்தும் எழுதவில்லை. கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலியை எடுத்தான். அத்தனை சனமும் ஒரே நேரத்தில் எழும்பி அறுகரிசியை எறிந்தது.

எல்லாம் நின்றுபோனது. மாப்பிள்ளையின் கை நடுவழியில். எறிந்த அரிசி முழுக்க மண்டபத்துக்கு மேலே, அந்தரத்தில். ஒவ்வொரு அரிசியையும் தனித்தனியாக விழ வைக்க வேண்டும் என்று அடம்பிடித்து எழுதியவள் நான்; அத்தனை அரிசியையும் ஒன்றாகத் தூக்கக் கணினிச் சேர்வர் திணறிக்கொண்டிருந்தது.

"நேரம் போகுது, நேரம் போகுது!" அம்மா எழும்பி நின்று அழுதார்.

நான் எதை முதலில் அணைத்தேன் எதைப் பிறகு அமத்தினேன் என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது. ஹவுஸ்மைஸ்டரை நிறுத்தினேன், குசினி நெருப்பை அணைத்தேன், வெளியே போகும் கார்களை அழித்தேன். கண்ணுக்குத் தெரியாதவை எல்லாவற்றையும் வெட்டி எறிந்தேன். அப்போது முதல் அரிசி அசைந்தது. பிறகு எல்லாம் பொலபொலவென்று பொம்பிளை மேலும் மாப்பிள்ளை மேலும் கொட்டின. தாலி ஏறியது. அரட்டைப் பெட்டியில் எத்தனை மொழியில் வாழ்த்து வந்ததோ, ஒன்றும் வாசிக்க முடியாத வேகத்தில் ஓடியது. நிலக்சன் என்னைத் தூக்கிச் சுற்றினான். அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் முதுகில் அடித்து அடித்துச் சிரித்தார். நான் வாய்விட்டுக் கத்தினேன், மேல் வீட்டுக்காரர் நிலத்தில் இடித்தும் நிறுத்தவில்லை. வென்றுவிட்டேன், வென்றுவிட்டேன் என்று மட்டும்தான் கத்தினேன்.

அன்றே கடைக்கு முழு விளையாட்டையும் அனுப்பினேன். ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. எங்கள் பக்கத்தைத் திறந்தால் உச்சியில் இப்போதும் யானிக்தான் இருந்தான். பழைய சொல் இல்லை. 'பொம்பிளை வந்தாள். என் அம்மா அழுதார். வாங்குங்கள்' என்று எழுதியிருந்தான். அதை எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த கிழமை கார்ஹிங் ஊரிலிருந்து மைதிலி என்று ஒரு பிள்ளை எனக்கு எழுதினாள். அங்கே ஆராய்ச்சி செய்கிறாளாம், எங்கள் பழைய சண்டை எதுவும் அவளுக்குத் தெரியாது.

"அக்கா, நேற்றுத்தான் வாங்கினனான், நாலு பேராய் விளையாடி முடிச்சிட்டம். கலியாணம் சோக்காய் இருந்துது. ஒண்டு கேக்கவேணும். மண்டபத்தில அவ்வளவு சனம் நிக்குது, ஒருத்தர் மாதிரி ஒருத்தர் இல்லை. முன் வரிசையில முத்துமாலை போட்ட ஒரு ஜெர்மன்காரி எழும்பி நிண்டு கும்பிடுறா. வெளியில பந்தலுக்கையும் சனம். ஆர் அக்கா இவையெல்லாம்?"

நான் யோசிக்கவே இல்லை. கை தானாக எழுதியது.

"எங்கட ஆக்கள்."